இரண்டு டம்ளர் தண்ணீர்

மூன்றரை மணிக்குக் கீழே மாவு மில் நின்றது. நின்றதைக் காது உடனே நம்புவதில்லை, உடம்புதான் முதலில் நம்பும். காலையிலிருந்து பல்லிடுக்கில் இருந்த கூச்சம் போய்விடும், சுவரில் மாட்டிய திருஇருதயப் படத்தின் கண்ணாடி சட்டத்துக்குள் நடுங்குவதை விட்டுவிடும், நாற்காலியின் கையில் கை வைத்தால் அது வெறும் மரமாக இருக்கும். ஐந்து மணிக்கு மறுபடி பெல்ட்டை மாட்டிவிடுவார்கள். அதுவரை இந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் இந்த மாடி அருளப்பனுக்குச் சொந்தம். மாவு மில்லுக்கு மேலே குடியிருந்துகொண்டு இசைத்தட்டு கேட்கிற ஆள் திருச்சி முழுக்கத் தேடினாலும் இன்னொருத்தர் கிடைக்கமாட்டார். முப்பத்தோரு வருஷமாகக் கேட்கிறார். வேறு வீடு பார்த்திருக்கலாம். ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் சொல்வார், எல்லாம் சொல்கிற நேரத்துக்கு உண்மை மாதிரி இருக்கும். இப்போது அறுபத்தேழு வயதில் வீடு மாறவும் தெம்பில்லை. தேக்கு உத்தரத்துக்கு மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய தளம் இது. ஆள் நடந்தால் தளம் கொஞ்சம் அமுங்கி எழும். கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது. ஊசிக்குத் தெரியும். தலைமுடி அகலத்தில் ஓடுகிற ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிற ஊசிக்கு இந்த வீட்டில் யார் எங்கே போகிறார்கள் என்பது அத்தனையும் தெரியும், தெரிந்ததும் குதித்துவிடும். கீழே பெல்ட்டைக் கழற்றிப் போடுகிற சத்தம் கேட்டது. அருளப்பன் முட்டியில் கை ஊன்றி எழுந்தார்.

சுவரில் புதுத் தாங்கி. நேற்றுச் சாயங்காலம்தான் முடிந்தது. இரண்டு இரும்பு ஆங்கிள், அவற்றின்மேல் காற்றை முக்கால்வாசி இறக்கிவிட்ட சைக்கிள் டியூப், டியூபின்மேல் கடப்பாக் கல், கல்லின்மேல் இசைத்தட்டுப் பிளேயர். பார்க்க ஒன்றும் அழகில்லை, நேற்று மனைவி எமரென்சியா எட்டிப் பார்த்துவிட்டு, கல்லறைக்குக் கல் மிச்சம் பிடிச்சாச்சா என்று கேட்டாள். கேட்கட்டும். ஏழு வாரமாக அவர் படாத பாடு அவளுக்கு எங்கே தெரியும். முதலில் டென்னிஸ் பந்தைப் பாதிப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார், ஒரு வாரத்தில் நசுங்கிப்போயின. அப்புறம் மணல் நிரப்பிய பெட்டி, அதில் எறும்பு குடியேறியது. அப்புறம் ஸ்பிரிங். பொன்மலைப் பணிமனையில் முப்பத்துநாலு வருஷம் ரயில் பெட்டிகளுக்கு ஸ்பிரிங் பார்த்த மனுஷன், பழைய மொபெட் சீட்டிலிருந்து நாலு ஸ்பிரிங்கை வாங்கிவந்து பெருமையாக அடியில் வைத்தார். அவள் வாக்கரை ஊன்றி நாலு அடி எடுத்து வைத்ததும் கல் தொட்டில் மாதிரி ஆட ஆரம்பித்தது. அவள் நடையின் வேகமும் ஸ்பிரிங்கின் வேகமும் ஒன்றாகிப்போயிருந்தன. எடையைத் தாங்குவது பெரிய விஷயமில்லை, ஆட்டத்தை வாங்கித் தின்று செரிக்கவேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்தது. அதைப்போய் மறந்திருக்கிறார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. தரையிலிருந்து வருகிற ஆட்டத்தைத் தடுப்பதைவிடத் தரையைத் தொடாமலே இருந்துவிடுவது மேல் என்று புத்தி வர இன்னும் பத்து நாள் ஆனது. சுவர் இரண்டடி கனம். மில்லின் சுழல்தண்டு இதே சுவரில்தான் மாட்டியிருக்கிறது, அது ஓடும்போது ஒன்றும் செய்யமுடியாது, ஆனால் மில் நின்றுவிட்டால் சுவர் அசையாது. ஆங்கிள் பதிக்க மூன்று நாள் துளை போட்டதில் தோள்பட்டை இன்னும் இறங்கவில்லை. எல்லாம் அவளுக்காகத்தான். அவள் தாராளமாக நடக்கவேண்டும் என்பதற்காகத்தான். அதை நினைக்கும்போது ஒரு திருப்தி வந்தது, கூடவே ஒரு சின்ன உறுத்தலும் வந்தது, உறுத்தலைக் கவனிக்க நேரமில்லாத மாதிரி அவர் சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார்.

இது பணிமனைப் பழக்கம். கருவியெல்லாம் வருவதற்கு முன்னால் சூப்பர்வைசர்கள் பெட்டிக்குள் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு வண்டியை ஓட்டச் சொல்வார்கள். ஒரு டம்ளரைக் கல்லின்மேல், பிளேயர் பக்கத்தில் வைத்தார். இன்னொன்றைத் தரையில், உள்வராந்தாக் கதவுக்குப் பக்கத்தில். கீழே நெளிந்து மேலே நெளியாமல் இருந்தால் தாங்கி ஜெயித்தது. உள்வராந்தா நடந்தால் பன்னிரண்டு எட்டு தூரம். கதவுக்கு அந்தப்பக்கம் அவள் தயாராக நிற்கிற சத்தம் கேட்டது, வாக்கரின் ரப்பர் கால் தரையில் உரசுகிற சத்தம்.

"எமரென்ஸ், மாத்திரை போட்டாச்சா?"

"மூணு மணிக்கே போட்டாச்சுங்க."

"அப்ப நட. இன்னிக்கு நீ எப்படி வேணும்னாலும் நடக்கலாம். தொம்மு தொம்முன்னு நடந்தாலும் ஒண்ணும் ஆகாது."

"தொம்முன்னு நடக்குற காலைத்தான் குடுத்திருக்காரு டாக்டரு. நீங்க போடுங்க, நான் நடக்குறேன்."

கதவைச் சாத்தினார். அவள் நகர்கிற சத்தம் நாலைந்து அடிக்குக் கேட்டது. தட்டை உறையிலிருந்து எடுத்து விளிம்பில் பிடித்து ஊதி வைத்து, ஊசியை இறக்கினார். இந்த வகை ஊசி இனி கிடைக்காது, இதுதான் கடைசி. சுருதி எழுந்தது. அதன்மேல் நாகஸ்வரம் மெதுவாக, இன்னும் விழிக்காத ஆள் மாதிரி, தோடியைத் தொட்டது. வேதக்காரனுக்கு நாகஸ்வரம் எதுக்கு என்று மாமனார் கல்யாணமான புதிதில் கேட்டார். எதுக்கு என்று அவருக்கும் தெரியாது. பகல் முழுக்கச் சம்மட்டிச் சத்தத்தில் நின்றவருக்கு, அதைவிடப் பெரிய சத்தம் ஒன்று இவ்வளவு மிருதுவாக இருக்கமுடியும் என்பது தேவைப்பட்டிருக்கலாம். தட்டின் இந்தப் பக்கம் இருபத்திரண்டு நிமிஷம். முதல் பதினாலு நிமிஷம் தவிலே கிடையாது, ஆலாபனை மட்டும். அதில் ஊசி குதித்தால் மறைக்க ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முதுகைச் சாய்க்காமல், மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டார். கதவுக்கு அந்தப்பக்கம் டிக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொரு டிக். வாக்கர். நடக்கிறாள். ஊசி குதிக்கவில்லை.

நாற்பது சுற்று. அந்தப் பெண் ரெஹானா அப்படித்தான் சொன்னாள். வாரத்துக்கு மூன்று நாள் காலையில் வந்து எமரென்சியாவின் காலைப் பிடித்து மடக்குகிறவள், இருபத்தைந்து வயசுகூட இருக்காது, பேச்சில் மட்டும் தயவுதாட்சண்யம் கிடையாது. நாலு மணிக்கு மாத்திரை வேலை செய்யும் ஆன்ட்டி, அப்பத்தான் நடக்கணும், நாப்பது சுத்து நடந்து மூட்டு வெதுவெதுன்னு ஆனப்புறம் உக்காந்து மடக்கணும், நடக்காம மடக்குனா மடங்காது. புது மூட்டு வைத்து ஏழு வாரமாகிறது. தொண்ணூறு டிகிரி மடங்கியிருக்கவேண்டும். போன செவ்வாய் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள், அறுபத்தெட்டு. அதற்கு முந்தின வாரமும் அறுபத்தெட்டு. திங்கட்கிழமை பெரிய டாக்டர் பார்ப்பார், தொண்ணூறு வரவில்லையென்றால் மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்து அவரே மடக்கிவிடுவார். உள்ளே ஒட்டிக்கிட்டிருக்கிறதெல்லாம் பிய்ஞ்சு வரும், வேற வழியில்ல அங்கிள். பிய்ஞ்சு வரும் என்று சொல்லும்போது அந்தப் பெண் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். அப்புறம் வாசலில் செருப்பு மாட்டும்போது குரலைத் தணித்துக் கேட்டாள், அங்கிள், சாயங்காலம் ஆன்ட்டி நெசமாவே நடக்குறாங்களா? நடக்கிறாளே, நான் தினம் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், என்றார். தினம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். டிக். டிக். இதோ இப்போதும் கேட்கிறது.

மயக்க மருந்து. அந்த வார்த்தை வந்தால் மனசு அங்கேயே மாட்டிக்கொள்கிறது, தேய்ந்த பள்ளத்தில் ஊசி சுற்றுகிற மாதிரி. ஆப்பரேஷன் ஒன்றரை மணி நேரம் என்றார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்றும் சொன்னார்கள். ஆனால் அவள் விழிக்கவில்லை. இரண்டு மணிக்கு விழிக்கவேண்டியவள் ஐந்தேகாலுக்கு விழித்தாள். நடுவில் எமரென்சியா அட்டெண்டர் யாருங்க என்று ஒரு நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டாள், அவர் எழுந்து போனார், இதுக்கு முன்னாடி மயக்க மருந்து குடுத்திருக்கா, அப்பவும் இப்படி லேட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் பதிலைக்கூட முழுசாக வாங்காமல் உள்ளே போய்விட்டாள். அந்தப் பச்சைக் கதவின் மேல் ஒரு வட்டக் கண்ணாடி. அதில் அவர் முகம்தான் தெரிந்தது. சிலருக்கு அப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு சொன்னார்கள். பயப்படாமல் எப்படி இருப்பது. ஏழு வாரமாக அவருக்கு இருக்கிறது அது ஒன்றுதான். டியூபும் கல்லும் ஆங்கிளும் கையில் இருக்கும்வரை அது கொஞ்சம் ஒதுங்கி நிற்கும், கையைக் கழுவியதும் வந்து பக்கத்தில் உட்காரும். அவளிடம் சொன்னதில்லை. உனக்கு ஒண்ணும் ஆகாது என்றுதான் சொல்லியிருக்கிறார், ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் எல்லாரிடமும் சொல்கிற மாதிரி. நாகஸ்வரம் கீழே இறங்கி மந்திர ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தில் நின்றது. வாசிக்கிறவர் மூச்சு வாங்குகிற சத்தம்கூடக் கேட்டது. டிக். ஊசி அசையவில்லை.

ஆறாவது நிமிஷம், ஏழாவது நிமிஷம். கல்லின்மேல் இருந்த டம்ளரைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் ஒரு வெள்ளைச் சதுரமாக விழுந்திருந்தது, சதுரத்தின் ஓரம்கூடக் கலையவில்லை. ஜெயித்துவிட்டது. ஓய்வுபெற்ற பின் உருப்படியாக ஒன்று செய்திருக்கிறார். யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. மகள் ஆக்னஸுக்கு ஓசூருக்குப் போன் பண்ணிச் சொல்லலாம். அப்படியாப்பா என்பாள், சந்தோஷம்ப்பா என்பாள், பின்னாலேயே அம்மா கால் எப்படியிருக்கு என்பாள். அவளுக்கு இந்தப் பிளேயர்மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. ஏன் இருக்கும். சுவரோரமாக நடக்க அவள் மூன்று வயசிலேயே கற்றுக்கொண்டாள், உத்தரத்தின் முனை சுவருக்குள் போகிற இடத்தில் தரை அவ்வளவாக அமுங்காது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். தட்டு சுற்றும்போது இந்த வீட்டில் எல்லாரும் அப்படியே நின்றுவிடுவார்கள். குழம்புக்குக் கரண்டி எடுக்கப் போனவள் பாதியில் நிற்பாள். வந்த விருந்தாளி செருப்பைக் கழற்றியபடி நிற்பார். ஆக்னஸ் ஒருமுறை, நாலு வயசிருக்கும், உள்வராந்தா நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கழிப்பறைக்குப் போகவேண்டியவள். பக்கம் முடிய இன்னும் பத்து நிமிஷம். நின்றாள், நின்றாள், கடைசியில் நின்ற இடத்திலேயே கவுனோடு ஒன்றுக்குப் போய்விட்டாள், அப்போதும் நகரவில்லை. இந்தக் கதையை அவர் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவளுடைய கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டாரிடம்கூடச் சொன்னார், எம் பொண்ணோட பொறுமையப் பாருங்க என்று. எல்லாரும் சிரித்தார்கள். ஆக்னஸும் சிரித்தாள். எமரென்சியா மட்டும் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காப்பி ஆறிவிட்டது, சூடுபண்ணப் போகிறாள் என்று அன்றைக்கு நினைத்தார்.

அந்த உறுத்தல் மறுபடி வந்தது. என்ன அது. ச்சு. அதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம், சாயங்கால நடையின் முதல் நாள், அவள் மூன்றாவது அடியை ஊன்றியதும் ஊசி துள்ளி இரண்டு பள்ளம் தாண்டி விழுந்தது. அவர் நாக்கை அண்ணத்தில் ஒட்டி ச்சு என்றார். அவ்வளவுதான். அவளைச் சொல்லவில்லை, ஊசியைச் சொன்னார். முப்பத்தோரு வருஷமாக அந்தச் சத்தம் தானாக வருகிறது, தும்மல் வருகிற மாதிரி. கதவு திறந்திருந்தது. அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை, தட்டில் கீறல் விழுந்ததா என்றுதான் குனிந்து பார்த்தார். அப்புறம் உடனே, நீ நட எமரென்ஸ், நான் கேக்குறது எப்ப வேணும்னாலும் கேக்கலாம் என்றார். இல்லைங்க, நீங்க போடுங்க, பாட்டு இருந்தா எனக்கும் துணையா இருக்கும் என்றாள் அவள். மறுநாளிலிருந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று சொன்னதும் அவள்தான். அதற்கப்புறம் அவள் நடந்து ஊசி குதித்தது அந்த ஸ்பிரிங் நாளில் ஒருமுறைதான், அதுவும் வந்து நாலு அடி நடந்து காட்டு என்று அவரே கூப்பிட்டதால். பந்து நசுங்கிய வாரத்தில் குதிக்கவில்லை. எறும்புப் பெட்டி வாரத்தில் குதிக்கவில்லை. குதிக்காதபோது ஏன் பந்தை எடுத்துவிட்டு மணலை வைத்தோம், மணலை எடுத்துவிட்டு ஸ்பிரிங்கை வைத்தோம்? அவரே காலால் தட்டிப் பார்த்தபோது ஊசி குதித்தது, அதனால். அவர் தட்டினால் குதிக்கிறது. அவள் நடந்தால் குதிக்கவில்லை. அவள் மெதுவாக நடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். பாவம், மெதுவாக நடக்கிறாள், என்னால் அவள் பூனை மாதிரி நடக்கிறாள், அவளுக்காக ஒரு நல்ல தாங்கி செய்யவேண்டும். அப்படித்தான் நினைத்தார். வாக்கரோடு நடக்கிற எழுபத்தெட்டுக் கிலோ மனுஷி பூனை மாதிரி எப்படி நடப்பாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. ரயில் பெட்டியின் எடையையெல்லாம் மனக்கணக்கில் சொல்கிறவர்.

தரையில் இருந்த டம்ளரைப் பார்த்தார். முதல் தடவையாக இப்போதுதான் பார்க்கிறார், இத்தனை நேரம் மேலே இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதிலும் ஒரு வெள்ளைச் சதுரம் இருந்தது. அதன் ஓரமும் கலையவில்லை. டிக், என்றது கதவுக்கு அந்தப்பக்கம். தண்ணீர் அசையவில்லை. டிக். அசையவில்லை. இப்போது அவர் காது அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டது. பன்னிரண்டு எட்டுக்கு ஒருமுறை அவள் வாக்கரைத் தூக்கித் திருப்பவேண்டும், திருப்புகிற இடத்தில் சத்தம் கொஞ்சம் நிற்கவேண்டும். நிற்கவில்லை. தள்ளிப் போகவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. ரப்பர் போட்ட கால் டிக் என்றே சொல்லாது, தொப் என்று சொல்லும். இதையெல்லாம் அவர் ஏழு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ரெஹானாவிடம் சத்தியம் மாதிரிச் சொல்லியிருக்கிறார், நான் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். நாகஸ்வரம் மேலே ஏறிக்கொண்டிருந்தது, அவர் தினமும் காத்திருந்து கேட்கிற இடம், அது வந்தது, போனது. அவர் எழுந்தார். எழுந்தவர் பழக்கத்தில் சுவரோரமாகவே நடந்து கதவைத் திறந்தார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் எமரென்சியா உட்கார்ந்திருந்தாள். வலது காலை முக்காலியில் நீட்டி வைத்திருந்தாள், குழந்தையைப் படுக்கவைத்திருக்கிற மாதிரி அடியில் ஒரு தலையணை. இடது கையில் ஜெபமாலை. வலது கை வாக்கரின் கம்பியில், மோதிரம் போட்ட விரல் மட்டும் தூக்கியிருந்தது. தட்டப்போனவள் அப்படியே நின்றுபோனாள். நிமிர்ந்து பார்த்த முகத்தில் திருட்டு அகப்பட்ட வெட்கம் இல்லை, வேறு ஒரு பயம்தான் இருந்தது.

"குதிச்சுதாங்க? நான் அசையவே இல்லையே."

அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. அலுப்புதான் வந்தது, கால் நுனியிலிருந்து ஏறி வந்தது. முப்பத்தோரு வருஷம் ஒரு வீட்டை நிற்கவைத்துப் பழக்கியிருக்கிறார், அது நன்றாகப் பழகியிருக்கிறது. சுவரில் துளை போட்டது அவளுக்காகத்தான் என்றால், இந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தது யாருக்காக. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே கதவுக்கு இரண்டு பக்கமும், ஒருத்தருக்காக ஒருத்தர் பாடுபட்டிருக்கிறார்கள். நடுவில் அந்த முட்டி அறுபத்தெட்டு டிகிரியில் இறுகிக்கொண்டே இருந்திருக்கிறது.

"எத்தனை நாளா இப்படி?"

"வலிக்குதுங்க," என்றாள். பிறகு, அது போதாது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. "உங்களுக்குக் கெடைக்கிறதே இந்த ஒரு நேரம். காலையில ரெண்டு சுத்து சேத்து நடந்துக்கலாம்னு நெனச்சேன்."

"நடந்தியா?"

"இல்ல." ஜெபமாலையை மடியில் சுருட்டி வைத்தாள். "அந்தத் தாங்கிக்கு அவ்வளவு பாடுபட்டீங்க. நான் நடந்து, அதுவும் குதிச்சிருச்சுன்னா நீங்க மறுபடியும் ராத்திரி சாப்பிடமாட்டீங்க."

அறைக்குள் தவில் சேர்ந்துகொண்டது, அவர் அதைக் கேட்கவில்லை. தாங்கி வேலை செய்கிறதா என்பது இன்னும் தெரியாது. இப்போது இவளை எழுப்பி நடக்கவிட்டால் தெரிந்துவிடும். வேலை செய்யும், அநேகமாகச் செய்யும். செய்தால்? கதவைச் சாத்திக்கொண்டு அவர் உள்ளே கேட்பார், ஊசி குதிக்காது, இவள் நடக்கிறாளா உட்கார்ந்திருக்கிறாளா என்று அவருக்கு என்றைக்கும் தெரியாது. இவ்வளவு மெனக்கெட்டு அவர் கட்டியது அதைத்தான்.

"திங்கக்கிழமை மயக்க மருந்து குடுப்பாங்க," என்றார். "போன தடவ நீ முழிக்கல. மூணு மணி நேரம் முழிக்கல. நான் உங்கிட்ட சொன்னதில்ல. எனக்குப் பயமா இருக்கு எமரென்ஸ்."

அவள் அவரையே பார்த்தாள். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே திரும்பினார். அறையின் நடுவிலேயே நடந்துபோனார், சுவரில் பதிந்த கல்லின்மேல் ஊசி என்ன செய்தது என்று பார்க்கவில்லை. ஊசிக்கையை உயர்த்தி வைத்துவிட்டுப் பிளேயரைத் தட்டோடு தூக்கினார். தோள் வலித்தது. ஒயர் எட்டுகிற மட்டும் இழுத்துக்கொண்டுவந்து கதவோரம் வெறும் தரையில் வைத்தார், அடியில் பந்து இல்லை, மணல் இல்லை, ஒரு துணிகூட இல்லை. பக்கத்தில் தரையிலேயே தானும் உட்கார்ந்தார். உட்கார இரண்டு தவணை பிடித்தது.

"என்ன பண்றீங்க? தரையில வச்சா ஒரு அடிக்கு ஒரு தடவ குதிக்கும்ங்க."

"ஆமா."

"கீறல் விழும். ஊசி வேற கடைசி ஊசின்னீங்க."

"ஆமா. எந்திரி."

ஊசியைத் தட்டின் ஆரம்பத்தில் வைத்தார். சுருதி. அவள் வாக்கரைப் பிடித்து எழுந்தாள், எழுந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தாள், பார்த்தபடியே ஒரு அடி வைத்தாள். தொப். தண்ணீர் நெளிந்தது, ஊசி துள்ளியது, நாகஸ்வரம் ஒரு பிடியைப் பாதியில் விழுங்கிவிட்டு வேறெங்கோ போய் விழுந்தது. அவள் நின்றுவிட்டாள். கால் தானாக நின்றுவிட்டது. அவருக்கு நாக்கு அண்ணத்தில் ஏறி ஒட்டிக்கொண்டது. அதைப் பல்லுக்குப் பின்னால் பிடித்து வைத்திருந்து, மெதுவாகக் கீழே இறக்கி, "ம்" என்றார்.

தொப். ஒரு துள்ளல். தொப். ஒரு துள்ளல். இத்தனை வருஷமாக எதைக் கேட்டால் உடம்பு கூசுமோ அதை இப்போது ஒவ்வொன்றாக வாங்கி எண்ணினார். எட்டு, ஒன்பது. ஊசி ஒருமுறை நெடுநேரம் குதிக்காமல் ஓடியபோது சட்டென்று நிமிர்ந்து பார்த்தார், வராந்தா முனையில் அவள் வாக்கரைத் தூக்கித் திருப்பிக்கொண்டிருந்தாள். மறுபடி தொப். தோடி துண்டு துண்டாக வந்தது, வாலும் தலையும் மாறி வந்தது, தவில் வரவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள். மூன்றாவது சுற்றில் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் வாக்கரில் இருந்தது. அவரும் எழுந்து துடைக்கவில்லை. நாலாவது சுற்றில் அவள் ஊசியைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஐந்தாவதில் அவரைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். வலது கால் கொஞ்சம் மடங்கித்தான் ஊன்றுகிறது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதுதான், திங்கட்கிழமை ஸ்கேலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஐந்தாவது சுற்று முடியும்போது ஊசி நடுவட்டத்துக்கு வந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு நிமிஷத் தட்டு, ஏழு நிமிஷத்தில் தீர்ந்துபோயிருந்தது. சத்தம் நின்றதும் அவளும் நின்றாள், வாக்கரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

"முடிஞ்சுதாங்க?"

"இல்ல," என்றார் அருளப்பன். "இன்னும் முப்பத்தஞ்சு சுத்து இருக்கு."

குனிந்து, ஊசியை எடுத்து மறுபடி முதலில் வைத்தார்.